எல்லாம் அடங்கிய தொட்டி என்னும் பிரமை

வீட்டில் ஒரு பவளத் தொட்டி வைக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறவர் யாராயிருந்தாலும் அவர் முதன்முதலில் கேட்கும் உபதேசம் பெரும்பாலும் ஒன்றேதான்: கண்ணாடியும் விளக்கும் பம்பும் வடிகட்டியும் ஒரே உடலாக அமைந்து வரும் ‘ஆல்-இன்-ஒன்’ தொட்டிகளில் சிறியதாக ஒன்றை வாங்கி, கடலுப்பைக் கரைத்து ஊற்றி, சில வாரம் பொறுத்திருந்து, பிறகு மீனையும் பவளத்தையும் விட்டால் போதும் என்பது. கொளத்தூர்க் கடைவீதியில் விற்கிறவரும் இதையே சொல்கிறார். ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் நண்பரும் இதையே சொல்கிறார். இருவரிடத்திலும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டது என்பதற்காக ஓர் அபிப்பிராயம் உண்மையாகிவிடாது. இதை நம்பித் தொட்டி வாங்கி, சில மாதங்களுக்குள் செத்த மீன்களையும் வெளுத்த பவளங்களையும் அள்ளி எறிந்துவிட்டு, வெறுங்கண்ணாடியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் இருந்துகொண்டே இருக்கையில், இந்த உபதேசத்தை மறுத்துப் பேசாமலிருப்பது வாயில்லாத அந்த ஜீவன்களுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இந்த உபதேசத்துக்குள் மூன்று நம்பிக்கைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. வேண்டியதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது என்பது முதலாவது. சிறிய தொட்டி புதியவருக்குச் சுலபம் என்பது இரண்டாவது. ஆகவே தேர்ந்தெடுப்பது என்றால் எந்தப் பெட்டியில் எத்தனை சாதனங்கள் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என்பது மூன்றாவது. மூன்றும் தவறு என்பதே என் வாதம்.

வாதத்தைத் தொடங்குமுன் அந்தத் தொட்டிக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுவது முறை. முன்புறம் காட்சிப் பகுதி. பின்புறம் ஒரு கறுப்புத் தடுப்புச் சுவர். சுவரின் மேல்விளிம்பிலுள்ள கீற்றுத் துவாரங்களின் வழியே மேற்பரப்பு நீர் வழிந்து முதல் அறையில் விழுந்து, அங்கே பஞ்சிலும், அடுத்த அறையில் கரியிலும் நுண்ணுயிர்கள் குடியேறுவதற்கான பீங்கான் துண்டுகளிலும் ஊடுருவி, கடைசி அறையிலுள்ள பம்பினால் மறுபடியும் முன்பக்கம் தள்ளப்படுகிறது. ரெட் சீ, ஃபுளுவல், இன்னொவேட்டிவ் மரீன், வாட்டர்பாக்ஸ் முதலிய கம்பெனிகள் விற்கும் ஆல்-இன்-ஒன் தொட்டிகளெல்லாம் அளவிலும் அழகிலும் வேறுபட்டாலும் அடிப்படையில் இந்த அமைப்பையே தழுவியவை. நீர் முழுவதும் ஒரே பாத்திரத்தில் இருப்பதனால், கீழே தனியாக சம்ப் வைத்துக் குழாய் இழுத்த தொட்டிகளைப் போல மின்சாரம் நின்ற நேரத்தில் வழிந்து தரையை நனைக்கும் அபாயம் இதில் இல்லை. மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இது பெரிய ஆறுதல். சத்தம் குறைவு. ஒயர்கள் கண்ணில் படுவதில்லை. இவை அற்பமான குணங்கள் அல்ல. பவளத்தை உயிரோடு வைப்பதற்கும் இந்தக் குணங்களுக்கும் உள்ள சம்பந்தம் மிகச் சொற்பம் என்பதை மட்டுமே நான் சொல்ல வருகிறேன்.

பவளத் தொட்டி எவ்வாறு சாத்தியமாயிற்று என்ற சரித்திரத்தைப் பார்த்தாலே முதல் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் தமது முறையை விவரித்து 1961ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவரிடம் இருந்தவை கடலிலிருந்து உயிரினங்களோடு எடுத்துவந்த பாறைகள், நல்ல கடல்நீர், சூரிய வெளிச்சம், காற்றுக் குமிழிகள் ஆகியவையே. வடிகட்டி என்று இன்று நாம் சொல்லும் எதுவும் அங்கே பிரதானமாக இருக்கவில்லை. பிற்பாடு பெர்லின் நகரத்து ஆர்வலர்கள், அந்த உயிர்ப்பாறையோடு பலமான விளக்கையும், நுரையெழுப்பிக் கழிவை வெளியேற்றும் ஸ்கிம்மரையும் சேர்த்து, கடலுக்குத் தூரத்திலுள்ள ஊர்களிலும் கெட்டிப் பவளங்களை வளர்த்துக் காட்டினார்கள். இந்த இரண்டு முறைகளிலும் தொட்டியைத் தாங்கி நின்றது பாறையின் நுண்துளைகளில் குடியிருந்த பாக்டீரியாக்கள்தாம். மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற அந்த நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் போதிய அளவில் பெருகுவதற்கு வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகிறது. பாசியும் புழுவும் சிற்றுயிரும் சேர்ந்து தொட்டி முதிர்ச்சியடைவதற்கு அதைவிட எத்தனையோ மாதங்கள் ஆகின்றன. பெட்டிக்குள் எதை வைத்து அனுப்பினாலும் இந்தக் காலத்தை வைத்து அனுப்ப எந்தக் கம்பெனியாலும் முடியாது.

இனி, சிறியது சுலபம் என்ற இரண்டாவது நம்பிக்கை. மற்ற விஷயங்களில் சிறியதிலிருந்து தொடங்குவது விவேகமாயிருப்பதால் இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று மனம் தானாகவே எண்ணிக்கொள்கிறது. ஆனால் தவறு நேர்ந்தால் அதைத் தாங்கிக்கொள்வது இங்கே நீரின் அளவுதான். 40 சதவீதம் புரதமுள்ள மீன் உணவு ஒரு கிராம், வீட்டுக் குழந்தையின் கையால் கூடுதலாக விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிராமில் ஏறத்தாழ 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அது முழுவதும் அழுகி அம்மோனியாவாக மாறினால், 40 லிட்டர் நீரில் லிட்டருக்கு 1.6 மில்லிகிராம் நைட்ரஜன் ஏறும். 400 லிட்டர் நீரில் 0.16 மில்லிகிராம்தான் ஏறும். முந்தையது மீன்களுக்குக் கேடு விளைவிக்கும் கண்டம். பிந்தையது முதிர்ந்த பாறை ஓரிரவில் விழுங்கிவிடும் அற்ப விஷயம். குழந்தை செய்த பிழை இரண்டு வீட்டிலும் ஒன்றேயாயினும், பலன் பத்து மடங்கு வேறுபடுகிறது. கவனிப்பாரில்லாமல் பாறைக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் ஒரு நத்தைக்கும் இதே கணக்குத்தான். நீண்ட கால அனுபவமுள்ளவர் சிறிய தொட்டியில் அற்புதமான பவளத் தோட்டங்களை வளர்க்கிறார் என்பது மெய். ஆனால் அவர் பிழை நேருமுன்பே அதை மோப்பம் பிடித்துவிடுகிறவர். பிழைகளைச் செய்துதான் கற்கவேண்டிய புதியவரிடம், பிழையைப் பொறுக்காத பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, இதுதான் உமக்குச் சுலபமானது என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்?

உஷ்ணத்தின் விஷயம் இன்னும் கடுமையானது. நம் ஊரில் இருக்கிறவர்கள் இதைப்பற்றித்தான் எல்லாவற்றுக்கும் மேலாக யோசிக்க வேண்டும். இந்தத் தொட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை என்பதை, பின்னறையில் ஹீட்டர் வைப்பதற்கென்று ஒழுங்காக விடப்பட்டிருக்கும் இடமே சொல்லிவிடுகிறது. சித்திரை வைகாசியில் சென்னையிலோ திருச்சியிலோ பூட்டிய அறையின் உஷ்ணம் 34 டிகிரியைத் தாண்டும்போது ஹீட்டருக்கு அங்கே என்ன வேலை? பவளங்களுக்கு உகந்தது 24 முதல் 27 டிகிரி வரை. வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரு டிகிரி உயர்ந்து சில வாரம் நீடித்தாலே, திசுவுக்குள் குடியிருந்து உணவளிக்கும் நுண்பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. மன்னார் வளைகுடா போன்ற பரந்த கடலிலேயே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் இவ்வாறு வெளுத்தன. அத்தனை பெரிய ஜலராசியே தாங்காத வெப்பத்தை, மூடி போட்ட ஒரு சிறு கண்ணாடிப் பாத்திரம் தாங்குமென்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. போதாக்குறைக்கு, பம்பின் வெப்பமும் விளக்கின் வெப்பமும் நீருக்குள்ளேயே இறங்குகின்றன: 30 வாட் வெப்பம் வெளியேற வழியில்லாமல் 40 லிட்டர் நீரில் தங்கினால், மணிக்கு அரை டிகிரிக்கு மேல் உஷ்ணம் உயரும்.

விசிறி வைத்துக்கொள்ளலாமே என்று சமாதானம் சொல்கிறார்கள். விசிறி குளிர்விப்பது நீரை ஆவியாக்கித்தான். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது, அதாவது வேறு வெப்பம் உட்புகாதிருந்தால் 100 லிட்டர் நீரைக் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர்விக்கும் அளவு. கேட்பதற்குக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் கடற்கரை ஊர்களின் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், கோயம்புத்தூரின் வறண்ட காற்றில் விசிறி செய்யும் வேலையைச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் அது செய்வதில்லை. மேலும், ஆவியாகிப் போவது நன்னீர் மட்டுமே. உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 12 அங்குல ஆழமுள்ள தொட்டியில் நாளொன்றுக்கு அரை அங்குலம் இறங்கினால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 36.5 ஆகிவிடும், 24 அங்குல ஆழமுள்ளதில் அதே அரை அங்குலம் 35.7க்குத்தான் கொண்டுபோகும். இந்த ஏற்றத்தைத் தினந்தோறும் நன்னீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். ஒருநாள் மறந்து மறுநாள் சேர்த்து ஊற்றினால் அந்த ஏற்ற இறக்கமே உயிர்களை வருத்தும்.

இங்கேதான் இந்த அமைப்பின் பலவீனமான இடத்துக்கு வருகிறோம். விற்பனை விளம்பரங்கள் விளக்கின் நிறங்களைப்பற்றிப் பக்கம் பக்கமாக வர்ணிக்கின்றன. கடைசிப் பின்னறையைப்பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. காட்சிப் பகுதியின் நீர்மட்டத்தைத் தடுப்புச் சுவரின் கீற்றுகள் எப்போதும் ஒரே உயரத்தில் நிறுத்திவிடுகின்றன. நடு அறைகளின் மட்டத்தை அவற்றின் தடுப்புகள் காப்பாற்றுகின்றன. ஆகவே தொட்டி முழுவதிலும் ஆவியான நீரின் இழப்பு பம்பு உள்ள கடைசி அறை ஒன்றில் மட்டுமே வந்து தெரிகிறது. அந்த அறையின் பரப்பு மொத்தத் தொட்டியின் பரப்பில் பதினைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், மேற்பரப்பில் அரை அங்குலம் ஆவியானதும் அந்த அறையில் 7.5 அங்குலம் நீர் இறங்கிவிடும். பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கும். பிறகு நீரோட்டம் நின்றுபோகும். சொந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வருகிற குடும்பத்தின் தொட்டிக்கு இது போதும். இதைத் தடுக்க, மட்டம் குறைந்தவுடன் தானாக நன்னீர் நிரப்பும் கருவி ஒன்று வேண்டும். அதன் உணரி அந்தக் குறுகிய அறையில் நுழைய வேண்டும். அதற்குரிய நன்னீர்க் குடத்துக்குத் தொட்டியின் பக்கத்தில் இடம் வேண்டும். எல்லாம் அடங்கியது என்று சொல்லப்படும் பெட்டிகளில் பலவற்றில் இது அடங்கியிருப்பதில்லை. கையை விட்டுப் பஞ்சை எடுக்க முடியாத அளவுக்கு ஒடுங்கிய பின்னறைகளையும் நான் பார்த்திருக்கிறேன்; அப்படிப்பட்ட அறைக்குள் நுழையும் ஸ்கிம்மர்கள் அளவிலும் சக்தியிலும் சிறியவையாகவே இருக்க முடியும். எடுக்கச் சிரமமான பஞ்சு எடுக்கப்படாமலே கிடந்து அழுகுவது மனித சுபாவத்தின் விளைவு. அதற்கு வாங்கியவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

தண்ணீரைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நமது நகரங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பை வாங்கிக் கரைத்தால், அந்த நீரில் முன்பே கரைந்திருக்கும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் பாசியாக வளர்ந்து பாறையை மூடும். குடிப்பதற்கென்று சுத்திகரித்த ஆர்.ஓ. நீரிலும் மிச்சம் இருக்கும். அதை அயனிநீக்கும் ரெசின் வழியாகவும் செலுத்தி, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரையே உபயோகிக்க வேண்டும். அருகில்தானே சமுத்திரம் இருக்கிறது என்று கூவமும் அடையாறும் கலக்கிற கரையோரத்தில் குடம் மொண்டு வருவதும் தகாது. இந்த ஏற்பாட்டோடு உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், காரத்தன்மையையும் கால்சியத்தையும் நைட்ரேட்டையும் சோதிக்கும் மருந்துகள், மின்வெட்டுக்குக் காற்றுப் பம்பும் மின்கலமும், கோடைக்கு நீரைக் குளிர்விக்கும் சில்லர் என்று எழுதிக்கொண்டே போனால், பெட்டிக்கு வெளியே வாங்கவேண்டியவற்றின் விலை பெட்டியின் விலையைச் சாதாரணமாக எட்டிவிடும், பல வீடுகளில் தாண்டியும் விடும். பூரணமென்று நம்பி, கையிலிருந்த பணம் முழுவதையும் பெட்டிக்கே கொடுத்துவிட்டவருக்கு, இவற்றுள் மிக அவசியமான சில்லர்தான் கடைசியில் வாங்க முடியாத பொருளாகிறது.

மூன்றாவது நம்பிக்கைக்கு வருகிறேன். சாதனங்களின் ஜாபிதாவை ஒப்பிட்டுத் தொட்டியை முதலில் வாங்கி, அதற்குள் எதை விடலாம் என்று பிறகு யோசிப்பது தலைகீழான முறை. முதலில் தீர்மானிக்கவேண்டியது எந்த உயிர்களை வளர்க்கப் போகிறோம் என்பது. 2003இல் ‘ஃபைண்டிங் நெமோ’ படம் வந்த பிறகு நெமோ மீன் என்றே குழந்தைகளால் அழைக்கப்படும் கோமாளி மீன், கடல் அனிமோன் இல்லாமலே நன்றாக வாழும். முதிராத புதிய தொட்டியில் அனிமோனைக் கொண்டுவந்து வைத்துச் சாகடிக்கவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. அதே படத்தில் வரும் நீல டாங் மீனோ ஓர் அடி நீளம் வரை வளர்ந்து, நாள் முழுவதும் நீந்தித் திரிகிற ஜாதி. அதை இரண்டடித் தொட்டியில் விடுவது சிறைவாசம். மாண்டரின் மீன் பாறையிலுள்ள நுண் இறால்களை ஓயாமல் கொத்தித் தின்று வாழ்வது. புதிய சிறு தொட்டியில் அதற்கு அந்த இரை போதாமையால், பார்க்க அழகாயிருந்துகொண்டே மெலிந்து சாகும். இந்த உண்மைகளைச் சொல்லாமல் இம்மீன்களைச் சிறிய தொட்டியோடு சேர்த்து விற்பது, எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும், கொடுமைதான்.

பவளத்தின் விஷயத்தில் தர்மத்தோடு சட்டமும் குறுக்கே நிற்கிறது. பாறை கட்டும் கெட்டிப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளன. கடல் விசிறிகளுக்கும் கடல் குதிரைகளுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுகளைச் சுற்றிப் பல தலைமுறைகளாகக் கட்டிடத்துக்கும் சுண்ணாம்புக்கும் முருகைக்கல்லை வெட்டியெடுத்ததன் விளைவாகக் கரைகள் அரித்து, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீருக்குள்ளேயே மூழ்கிவிட்டன. இத்தனைக்கும் பிறகு, நம் வரவேற்பறையில் ஒரு தொட்டி அழகாயிருக்க வேண்டுமென்பதற்காக அதே கடலிலிருந்து உயிர்ப்பாறை என்ற பெயரில் ஒரு கல்லை எடுத்துவரச் சொல்வதை நான் மன்னிக்க மாட்டேன். நிலத்தில் வெட்டிய உலர்ந்த அரகோனைட் பாறையும், செயற்கையாக வார்த்த பாறையும் கிடைக்கின்றன. அவற்றில் பாக்டீரியா குடியேற அதிக காலம் ஆகும், அவ்வளவே. கோமாளி மீனையும் கடலிலிருந்து பிடிக்கவேண்டிய அவசியம் போய்விட்டது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் அதைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையைக் கைவரப் பெற்றிருக்கிறார்கள். கடலில் பிடித்த மீனைவிட அந்தக் குஞ்சு தொட்டி வாழ்வுக்கும் தொட்டி உணவுக்கும் முன்பே பழகியது.

இவ்வளவும் சொன்னால், பெரிய தொட்டி பணக்காரருக்குத்தானே, மத்தியதரக் குடும்பத்துக்கு இந்த இன்பம் வேண்டாம் என்கிறீரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 40 லிட்டருக்கும் 400 லிட்டருக்கும் இடையில் எவ்வளவோ இருக்கிறது. 120 அல்லது 150 லிட்டர் கொள்ளும், ஆடம்பரமான விளக்கு இல்லாத, திறந்த மேற்புறமும் அகன்ற பின்னறையும் உள்ள ஆல்-இன்-ஒன் தொட்டி, எல்லாச் சாதனங்களோடும் வரும் பிரபலமான சிறு தொட்டியைவிட மலிவாகவே பல சமயம் கிடைக்கும். மென்மையான பவளங்களுக்கும் இரண்டு கோமாளி மீன்களுக்கும் மிதமான விளக்கு போதும்; வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறவருக்கு ஸ்கிம்மர்கூட உடனே வேண்டியதில்லை. இவ்வாறு மிச்சமாகும் பணம் சில்லருக்கும் சுத்த நீருக்கும் போக வேண்டும். அதற்கும் வசதியில்லாதவர் ஒரு வருஷம் காத்திருப்பது, உயிர்களை வாங்கி வெயிலில் வேகவைப்பதைவிட எவ்வளவோ மேல். சிறியதில் தொடங்கிப் பிறகு பெரியதுக்குப் போகலாம் என்கிற வாதமும் அனுபவத்தில் நிற்பதில்லை. சிறியதில் தோற்றவர்களில் பெரும்பாலோர் பெரியதுக்குப் போவதில்லை, அந்தப் பிரியத்தையே விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே தொட்டி பார்க்கப் போகிறவர் கையில் ஓர் அளவு நாடாவை எடுத்துச் செல்லட்டும். விளக்கை ஏற்றிக் காட்டச் சொல்வதற்கு முன்பாக, மூடியைத் திறந்து தம் கையைப் பின்னறைக்குள் விட்டுப் பார்க்கட்டும். விற்பனையாளர்களிடம் நான் கேட்டுக்கொள்வதும் ஒன்று உண்டு: தொட்டியின்மேல் ஒட்டும் சீட்டில், பாறையும் மணலும் போட்ட பிறகு அதில் நிற்கும் நீர் எத்தனை லிட்டர், கடைசி அறையில் எத்தனை லிட்டர் இறங்கினால் பம்பு காற்றை உறிஞ்சும், அந்தப் பம்பு பழுதானால் மாற்றுப் பம்பு நம் ஊரில் கிடைக்குமா, சில்லர் குழாய் நுழைய வழி இருக்கிறதா, அறை 34 டிகிரியாக இருக்கும்போது உள்ளே நீர் எத்தனை டிகிரியில் நிற்கும் என்பவற்றை எழுதி வையுங்கள். விளக்கின் நிறங்களை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.